அரண்மனைக்காரன் தெருவும் அர்மீனியர் மகமையும்



மலர்க்குழுவினர் எனக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டார்கள். "கல்லூரி நினைவுகள் என்று ஏகப்பட்ட கட்டுரை வந்தாச்சு சார். கேண்டீன் வடையைப் பற்றி மட்டும் நாலு பேர் எழுதியிருக்காங்க. நீங்களாவது வேற ஏதாவது கொடுங்க" என்று அன்புக் கட்டளை. நானும் வடையைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். சரி, போகட்டும்.

சென்ற பொதுக்குழுவில் நாம் போட்டுக்கொண்ட சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். சேர்ந்திருக்கிற பணத்தில் கல்லூரி வாசலில் நினைவு வளைவு கட்டுவதா, அல்லது அதை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் மலைத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவதா என்று இரண்டு கட்சி. முடிவு ஏற்படாமலே காபி குடித்துக் கலைந்தோம். இதே கேள்வி முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தமிழ்நாட்டில் வேறு ஒரு கூட்டத்தாருக்கும் இருந்தது. அவர்கள் தமிழர்கள் அல்ல, இந்தியர்களும் அல்ல, அர்மீனியர்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததே ஒரு தெருப் பெயரால்தான்.

படிப்பு முடிந்து வங்கி வேலை கிடைத்து முதன்முதலாகச் சென்னைக்குப் போனபோது பாரிமுனைப் பக்கம் என்னைப் போட்டார்கள். போடியிலிருந்து பஸ் ஏறிப் போனவனுக்குப் பாரிமுனை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழி கேட்டால் ரிக்‌ஷாக்காரர் "அரண்மனைக்காரன் தெருவுல போய் திரும்பு" என்பார். நமக்கு அரண்மனை என்றால் நம்ம ஊர் ஜமீன் அரண்மனைதான். இங்கே எந்த ஜமீன் இருந்தார் என்று அந்தத் தெருவில் மேலும் கீழும் ரெண்டு நாள் நடந்து பார்த்தேன். அரண்மனையும் இல்லை, ஜமீனும் இல்லை. ஒரு பழைய மாதா கோயிலும் தனியாக நிற்கும் மணிக்கூண்டும்தான் இருந்தன. போர்டில் இங்கிலீஷில் அர்மீனியன் தெரு என்று எழுதியிருந்தது. அர்மீனியக்காரன் தெரு நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரில் ஏலத்தை ஏலம் போடுகிறோமே, அதுவும் இப்படித்தான். காய்க்கு ஏலம் என்பது நம் பழைய சொல். கூவி விற்கும் ஏலமோ போர்த்துகீசியர் 'லெய்லாவ்' என்று சொன்னது திரிந்து வந்தது. வியாபாரிகள் வருவார்கள், போவார்கள், இந்த மாதிரி ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போவார்கள். அர்மீனியர்கள் சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

யார் இவர்கள்? துருக்கிக்கும் ஈரானுக்கும் நடுவே மலைநாட்டில் இருந்த ஒரு பழைய கிறிஸ்தவ இனம். கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற துறவி உருவாக்கிக் கொடுத்த தனி எழுத்து அவர்களுக்கு உண்டு. நாடு என்னவோ பெரிய ராஜ்யங்கள் இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. 1604-ல் ஈரானின் ஷா அப்பாஸ், எதிரியான துருக்கியருக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாதென்று அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா நகரைக் காலி செய்து, மக்களையெல்லாம் இஸ்பஹானுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே அவர்கள் கட்டிக்கொண்ட ஊர் புது ஜுல்பா. அந்த ஒரே ஊரிலிருந்து கிளம்பிய வணிகர்கள் ஒருபக்கம் ஆம்ஸ்டர்டாம், வெனிஸ் வரைக்கும், மறுபக்கம் சூரத், மதராஸ், கல்கத்தா, மணிலா வரைக்கும் பரவினார்கள். பட்டு, துணி, ரத்தினக்கல் எல்லாம் அவர்கள் கையில் ஓடின. போன ஊரில் எல்லாம் அவர்கள் அந்நியர்கள். திரும்பிப் போகத் தங்களுக்கென்று ஒரு அரசாங்கமும் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். 1688 ஜூன் மாதம் லண்டனில் கோஜா பானோஸ் கலந்தார் என்ற வணிகர் தம் இனத்தாருக்காகக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வியாபார உரிமைகளோடு அதில் ஒரு விசித்திரமான ஷரத்தும் உண்டு. கம்பெனியின் ஊர் எதிலாவது நாற்பது அர்மீனியர் சேர்ந்துவிட்டால், கம்பெனியே அவர்களுக்கு ஒரு மரக் கோயில் கட்டிக் கொடுத்து, பாதிரியாருக்கு வருஷம் ஐம்பது பவுன் வீதம் ஏழு வருஷம் சம்பளமும் தர வேண்டும். சுங்கம், கப்பல் கூலி பேசப் போன இடத்தில் கோயிலையும் சேர்த்துப் பேசியிருக்கிறார் மனுஷன்! நம் பக்கத்து மகமைதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே பொதுவுக்கு எடுத்து வைக்கிற பழக்கம் தென் மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலா எழும்பியது அந்த மகமைப் பணத்தில்தானே.

மதராஸில் முதல் அர்மீனியர் கோயில் 1712-ல் வந்தது. இப்போது தெருவில் நாம் பார்க்கிற கோயில் 1772-ல் கட்டியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊரையே கலக்கியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். மணிலா வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். மணிலா ஸ்பானியர் கையில் இருந்ததால் ஆங்கிலேயக் கப்பல் அங்கே நேரே போக முடியாது. அர்மீனியர் பெயரில் சரக்குப் போகும், அப்படித்தான் அந்த வழி ஓடியது. 1720-களில் மதராஸில் வந்து தங்கிய உஸ்கான், 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே கல் பாலம் கட்டினார். செலவு முப்பதாயிரம் வராகன், எல்லாம் சொந்தப் பணம். அதோடு விடாமல், பாலத்தைப் பராமரிக்க 1,500 வராகனைத் தனியாக ஒதுக்கி வைத்தார். பரங்கிமலைக்கு ஏறுகிறவர்கள் கஷ்டப்படக் கூடாதென்று 160 படிகளையும் போட்டுக் கொடுத்தார். அந்தப் படிகளில் இன்றைக்கும் ஏறலாம். நானும் ஏறியிருக்கிறேன். போடிமெட்டுக் காரனுக்கு அது ஒரு மலையா என்று ஜம்பமாக ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

மாம்பலம் பெயர் திரிந்து மார்மலாங் பாலம் என்று வழங்கிய அந்தப் பாலம் 1960-கள் வரை மதராஸைத் தாங்கியது. இப்போது அதே இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். பழைய பாலம் போனாலும், அர்மீனியன், பாரசீகம், லத்தீன் ஆகிய மூன்று மொழியில் உஸ்கான் வெட்டி வைத்த கல் மட்டும் சைதாப்பேட்டைப் பக்கம் தங்கிவிட்டது.

1746-ல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தபோது, பாண்டிச்சேரிக்கு வந்துவிட்டால் சொத்தைத் திருப்பித் தருகிறோம் என்று உஸ்கானிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் போகவில்லை, ஏராளமாக இழந்தார். 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்ததும், கோட்டைக்குள் இனி அர்மீனியர் குடியிருக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டது. பாலம் கட்டிக் கொடுத்தவனின் ஜாதிக்காரர்களுக்குக் கிடைத்த மரியாதை இது. உஸ்கான் 1751 ஜனவரியில் இறந்தார். வேப்பேரியில் அவர் ஆதரித்த கோயிலில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்துப் புது ஜுல்பாவுக்கு அனுப்பியதாக அவர்கள் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாலத்தையும் படிகளையும்விட என்னை ஆச்சரியப்படுத்தியது அச்சுக்கூடம்தான். ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் 1772 வாக்கில் மதராஸில் அர்மீனிய எழுத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார். முதலில் வந்தவற்றில் ஒன்று பிள்ளைகளுக்கான அரிச்சுவடி. அப்புறம் வந்தது, அடிமைத் தூக்கத்திலிருந்து எழுந்திரு என்று இளைஞர்களைத் தட்டி எழுப்பும் ஒரு புத்தகம். இதைக் கேள்விப்பட்ட அவர்களின் தலைமைக் குரு சிமியோன், எங்கோ எச்மியாட்சினில் உட்கார்ந்துகொண்டு கடுமையாகக் கண்டித்தார். ஷாஹாமிரியன் நிறுத்தவில்லை. அடுத்து வந்தது 521 பிரிவுகள் கொண்ட ஒரு சட்டப் புத்தகம். இனிமேல் வரப்போகும் சுதந்திர அர்மீனியாவை எப்படி ஆள வேண்டும், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை எப்படி இருக்க வேண்டும், சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை என்றெல்லாம் போகிறது. முகப்பில் 1773 என்று போட்டிருக்கிறது. அச்சு வேலை முடிய 1780-களின் கடைசி வரை ஆகியிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எப்படியானாலும், பிடி மண் கூட கையில் இல்லாத ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் நம் மதராஸில், கருப்பர் பட்டணத்துப் புழுதியில் அச்சாகியிருக்கிறது!

1794 அக்டோபரில் இன்னொரு காரியம் நடந்தது. ஹாருத்தியூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் மதராஸிலிருந்து 'அஸ்தரார்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்திலேயே அர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். ஷிராஸ் நகரத்துக்காரரான அவர் தம் இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, துக்கத்தில் ஊரை விட்டு ஒதுங்கி வாழ்ந்து, பிறகு மதராஸ் வந்தவர். கப்பல் செய்தி, சரக்கு விலை, பஞ்சாங்கம், ஐரோப்பியச் செய்திகளின் மொழிபெயர்ப்பு என்று பத்திரிகையில் எல்லாம் உண்டு. சந்தாதாரர் என்னவோ விரல் விட்டு எண்ணுகிற கணக்குதான். 18 இதழோடு 1796-ல் நின்றுபோனது. பாதிரியார் 1824 வரை இங்கேயே இருந்து, அந்தக் கோயில் வளாகத்திலேயே அடக்கமானார். இன்றைக்கும் அர்மீனியாவிலிருந்து யார் வந்தாலும் முதலில் தேடுவது அந்தக் கல்லறையைத்தான். நம் மலர்க்குழுவினரும் சந்தா, விளம்பரம் என்று அலைகிறபோது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

இனி உயில் கதைக்கு வருகிறேன். வளைவா, வைப்புநிதியா என்று நாம் சண்டை போட்டோமே, அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். சாமுவேல் மூரத் என்ற மதராஸ் வியாபாரி 1816-ல் இறந்தார். அவருடைய மாமனார் எட்வர்ட் ரபேல் அதற்கு முன்பே, 1791-ல், இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கப்பலிலேயே காலமானவர். இருவரும் அர்மீனிய ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று பெருந்தொகை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நிர்வாகம் வெனிஸ் நகரத் தீவு ஒன்றில் இருந்த மெகித்தாரிஸ்ட் என்ற அர்மீனியத் துறவிகளிடம். மூரத் பெயரில் 1834-ல் பாதுவாவிலும், ரபேல் பெயரில் 1836-ல் வெனிஸிலும் பள்ளிகள் திறந்தன. பிற்பாடு இரண்டும் ஒன்றாகி, மூரத்–ரபேல் கல்லூரி என்று வெனிஸில் 1997 வரை நடந்தது. மதராஸில் வியாபாரம் செய்த காசில், ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இத்தாலியில் படித்தார்கள்.

அதே மூரத்தின் மகன் எட்வர்ட் சாமுவேல் மூரத் என்ன செய்தார் தெரியுமா? 1821-ல் எழும்பூரில் பாந்தியன் என்ற பெரிய மாளிகையையும் தோட்டத்தையும் வாங்கினார். ஒன்பது வருஷத்தில், 1830-ல், அது மறுபடி சர்க்காருக்கே போனது. இன்று மியூசியமும் கன்னிமாரா நூலகமும் நிற்கிற இடம் அது. அங்கே போய் வந்த நம்மில் எத்தனை பேருக்கு மூரத் பெயர் தெரியும்? மகன் வாங்கிய மாளிகை ஒன்பது வருஷம். அப்பா எழுதி வைத்த பள்ளிக்கூடம் 163 வருஷம். வைப்புநிதிக் கட்சிக்காரன் என்ற முறையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பெனிக்கு இடையாள் தேவைப்படாமல் போக, மதராஸ் அர்மீனியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். இன்று அரண்மனைக்காரன் தெருக் கோயிலைக் கல்கத்தாவிலிருக்கிற அர்மீனியர் சபைதான் பராமரித்து வருகிறது. மணிக்கூண்டில் 1754 தொடங்கி 1837 வரை தேதி போட்ட ஆறு பெரிய மணிகள் உண்டு. அதில் ஒன்றில் தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது. நான் முதல் தடவை போனபோது காவலாளி, "தமிழ்ல இருக்குல்ல சார், அதான் எல்லாரும் கேக்குறாங்க" என்று பெருமையாகக் கையைக் காட்டினார்.

கல்கத்தாவுக்கு ஆபீஸ் பயிற்சி என்று ஒரு மாதம் போயிருந்தேன். மற்றவர்கள் விக்டோரியா நினைவகம் பார்க்கப் போனார்கள். நான் புர்ராபஜார் சந்துகளில் நுழைந்து, 1724-ல் கட்டிய நசரேத் கோயிலைப் பார்த்தேன். அப்புறம் ஃப்ரீ ஸ்கூல் தெரு, இப்போது மிர்ஸா காலிப் தெரு, அங்கே போனேன். அந்தக் கல்லூரியின் பெயரே 'அர்மீனியன் கல்லூரியும் தர்மக் கலாசாலையும்' என்ற பொருளில் இருக்கும். அஸ்த்வசாத்தூர் மூரத்கான் என்பவர் 1797-ல் பள்ளிக்கென்று 8,000 ரூபாய் எழுதி வைத்தார். மற்றவர்களும் கை கொடுத்து 1821 ஏப்ரல் 2-ல் பள்ளி திறந்தது. எட்டாயிரம் ரூபாய் இருபத்து நாலு வருஷம் காத்துக்கிடந்திருக்கிறது. (நமது நிதி இரண்டு வருஷமாகக் கிடப்பதற்கே நம்மில் சிலருக்குப் பொறுமையில்லை.) 1884 முதல் பள்ளி இருக்கிற அந்த இடத்தில்தான் 1811-ல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே பிறந்தார்.

பெண் பிள்ளைகளுக்கு 1922-ல் தாவிதியன் பள்ளி தொடங்கி, பின்னர் அதையும் இதோடு இணைத்தார்கள். 1937-ல் 'இந்தியாவில் அர்மீனியர்' என்று பெரிய வரலாறு எழுதிய மெஸ்ரோப் ஜேக்கப் சேத் இங்கே பாடம் சொன்னவர்தான். கல்கத்தாவில் அர்மீனியக் குடும்பங்கள் குறைந்துபோனதும் பள்ளியை மூடிவிடவில்லை. ஈரான், ஈராக், இப்போது அர்மீனியாவிலிருந்தே பிள்ளைகளை வரவழைத்து, சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். செலவெல்லாம் செத்துப்போன வியாபாரிகள் எழுதி வைத்த சொத்திலிருந்து. பையன்கள் ரக்பி ஆட்டத்தில் கல்கத்தாவில் பேர் வாங்கியவர்கள்.

பாடத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் அவர்களுக்கு டிசம்பர் 25 அல்ல, ஜனவரி 6. அன்றைக்கு ஊரில் மிச்சமிருக்கிற கிழவர், கிழவிகளும், பள்ளிப் பிள்ளைகளும் ஒரே கோயிலில் கூடுவார்கள். அதே ஜனவரியில் ஹூக்ளி நதிக்கரை சின்சுராவுக்கு யாத்திரை. அங்கே 1695-ல் ஆரம்பித்த பழைய கோயில் இருக்கிறது. பூசை முடிந்ததும் பந்திச் சாப்பாடு. ஏப்ரல் 24 துக்க நாள். 1915-ல் துருக்கியப் பேரரசில் தொடங்கிய படுகொலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அர்மீனியர் மாண்டதை நினைத்து விளக்கு ஏற்றுவார்கள். ஆகஸ்டில் மாதா திருநாளுக்குத் திராட்சை மந்திரிக்கிற சடங்கு. அது வரைக்கும் புதுத் திராட்சையை வாயில் வைக்காத வழக்கம் அவர்கள் ஊர்ப்பக்கம் உண்டு. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த பிறகே எல்லோருக்கும் பழம். இதைப் படித்தவுடன் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையை ஒரு பெட்டி கட்டி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. நம்ம ஆட்கள் அது வரைக்கும் பொறுப்பார்களா!

மற்ற நாடுகளில் சிதறிய அர்மீனியரும் சும்மா இருக்கவில்லை. 1906 ஏப்ரல் 15-ல் எகிப்தின் கெய்ரோவில் போகோஸ் நூபார் பாஷா என்பவர் அர்மீனியப் பொது நற்பணி ஒன்றியம் என்று ஒன்றைத் தொடங்கினார். கல்கத்தாத் தர்மத்தின் நிர்வாகம் வேறு, இது வேறு. முதலில் தாய்நாட்டு விவசாயிகளுக்கு விதை, கருவி, பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தார்கள். 1915-க்குப் பின் வேலையெல்லாம் அநாதைப் பிள்ளைகள், அகதிகள் பக்கம் திரும்பியது. எகிப்தின் போர்ட் சைத் முகாமில் தகரக் கொட்டகையும் கூடாரமுமாக இருந்த இடத்திலேயே அவர்கள் பள்ளி நடத்தினார்கள். 1988 டிசம்பரில் ஸ்பிதாக் பூகம்பம் வந்தபோதும், 1991-ல் அர்மீனியா சுதந்திர நாடானபோதும் இவர்கள் முன்னால் நின்றார்கள். சுதந்திரம் வந்த அதே வருஷம் தலைநகர் யெரெவானில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கக் கை கொடுத்தார்கள். நாடகம், பாட்டு, நடனம், விளையாட்டுக் குழு, கோடை முகாம் என்று ஊர் ஊராக நடத்துவதன் காரணம் ரொம்ப எளிது. பெய்ரூட்டிலும் பாரிசிலும் பிறந்த பிள்ளைக்குத் தன் பாஷையில் பேச இன்னொரு பிள்ளை வேண்டுமே.

நம் கதையும் கிட்டத்தட்ட இதுதான் என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். நமக்கு நாடும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. 2010 டிசம்பரில் நின்றுபோன போடி ரயில்கூட 2023 ஜூனில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இந்தக் கல்லூரியே ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் கூடி நடத்துகிற கல்லூரிதான். மலையில் காய் காய்த்து, ஸ்டோரில் உலர்ந்து, இங்கே பெண்கள் முறத்தில் சலித்துத் தரம் பிரித்து, ஏலத்தில் போன வியாபாரத்துக்குள்ளிருந்து வந்த கல்லூரி. அந்தத் தோட்டத்துக்கு அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போக, வீட்டில் தனியே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்த பையன் என் பெஞ்சிலேயே இருந்தான். இரண்டாம் வருஷம் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுவிட்டான். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பிரித்தது போதவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் செட்டுக்குத் தெரியும். நான் ஏன் எப்போதும் அந்தப் பக்கம் கை தூக்குகிறேன் என்று கேட்ட நண்பர்களுக்கு இதுதான் பதில்.

வளைவுக் கட்சி நண்பர்களிடம் நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உஸ்கான் பாலம்தான் கட்டினார், அதுவும் இருநூறு வருஷத்துக்கு மேல் நின்றது என்று நீங்கள் எழுந்து சொல்லலாம். சொன்னால் எனக்குப் பதில் கிடையாது. ஆனால் முப்பதாயிரம் வராகன் பாலத்துக்கு 1,500 வராகனைப் பராமரிப்புக்கென்று அவர் தனியே எடுத்து வைத்தார் பாருங்கள், அது இருபதில் ஒரு பங்கு. வளைவுதான் கட்டுவது என்று முடிவானால், இருபதில் ஒரு பங்கைச் சுண்ணாம்புக்கும் பெயிண்டுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பொதுக்குழு மறுபடி கூடுவது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். தயவு செய்து தூங்கிவிடாமல் வந்து சேருங்கள்.